சாதாரண மடிக்கணினியில் ‘மேக்’ ஓடுமா? இறங்கும் முன் பார்க்க வேண்டிய பாகங்கள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் வகையில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெல், எச்பி, லெனோவோ மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த குடும்பங்களுக்கு இது ஒரு சிக்கல். இந்த நேரத்தில், “இதில் மேக் போட்டால் புதுசு மாதிரி ஓடும்” என்று யாராவது சொன்னால் மனம் அசைவது இயல்பு. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், பாட்டுப் பதிவு செய்கிறவர், ஐபோன் செயலி எழுதப் படிக்கும் மாணவர் ஆகியோருக்கு அந்த ஆசை இன்னும் அதிகம்.

ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்தை ஆப்பிள் அல்லாத கணினியில் ஓட்டுவதற்கு ‘ஹேக்கின்டாஷ்’ என்று பெயர். இது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் எல்லா மடிக்கணினியிலும் நடக்காது. போடுகிறவரின் கெட்டிக்காரத்தனத்தைவிட உள்ளே இருக்கும் பாகங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. பாகங்களின் பெயரைப் பார்த்து எழுத அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் இறங்கினால், பிள்ளையின் பாடக் கோப்புகள் இருக்கும் ஒரே மடிக்கணினி முடங்கிப் போகலாம்.

ஏன் முடிகிறது, ஏன் முட்டுகிறது?

2006 ஜனவரியில் ஆப்பிள் தன் கணினிகளில் இன்டெல் பிராசசரைப் பயன்படுத்தத் தொடங்கியது. அன்றிலிருந்து மேக்கும் சாதாரண கணினியும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே குடும்பம் ஆகின. அதனால்தான் ஒன்றின் இயங்குதளத்தை மற்றொன்றில் ஓட்ட முடிந்தது.

ஆனால் விண்டோஸ் எந்த நிறுவனத்தின் பாகத்தோடும் ஒத்துப்போகும்படி செய்யப்பட்டது. மேக் அப்படியல்ல. ஆப்பிள் எந்தப் பாகங்களைத் தன் கணினியில் பொருத்தியதோ, அவற்றுக்கு மட்டுமே அதில் டிரைவர் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் உள்ள பாகம் ஏதாவது ஒரு மேக்கில் இருந்ததா என்பதே முதல் கேள்வி. இருந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இல்லாவிட்டால், ஆர்வலர்கள் யாராவது அதற்குத் தனியாக டிரைவர் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த டிரைவர்களைக் ‘கெக்ஸ்ட்’ என்பார்கள். இவற்றையும் மேக்கையும் சேர்த்து எழுப்பிவிடும் துவக்க நிரலாக இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது ‘ஓப்பன்கோர்’. அதற்கு முன் ‘குளோவர்’ புழக்கத்தில் இருந்தது.

முதலில் எழுதி வையுங்கள்

விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்தால் எல்லாப் பாகங்களின் பெயரும் தெரியும். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பிராசசர், கிராஃபிக்ஸ், வைஃபை அட்டை, சேமிப்பகம், ஒலிச் சில்லு, டச்பேட். மாடல் எண்ணோடு எழுதுவது முக்கியம். “இன்டெல் ஐ5” என்று எழுதினால் பயனில்லை. “ஐ5-8250யூ” என்றால்தான் அது 8ஆம் தலைமுறை என்று தெரியும். ஒரே மாடல் பெயரில் விற்கப்படும் இரண்டு மடிக்கணினிகளில் வைஃபை அட்டையும் எஸ்எஸ்டியும் வேறு வேறாக இருக்கலாம். நண்பருடைய கணினியில் ஓடியது என்பதால் உங்களுடையதிலும் ஓடும் என்று சொல்ல முடியாது.

கிராஃபிக்ஸ்: இங்கேதான் பாதி பேர் நின்றுவிடுவார்கள்

மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் சில்லைக் கழற்றி மாற்ற முடியாது. அது ஒத்துவராவிட்டால் திட்டத்தைக் கைவிடுவதே நல்லது.

இன்டெல் 3ஆம் தலைமுறையின் எச்டி 4000 சில்லுக்கு 2020இல் வந்த பிக் சர் பதிப்போடு டிரைவர் நின்றது. 4, 5, 6ஆம் தலைமுறைச் சில்லுகளுக்கு 2021இல் வந்த மான்டரேதான் கடைசி. இவற்றில் 6ஆம் தலைமுறையின் எச்டி 520 போன்றவற்றை மட்டும் 7ஆம் தலைமுறைச் சில்லாக வேடமிட வைத்துப் பிந்திய பதிப்புகளில் ஓட்டுகிறார்கள். 7ஆம் தலைமுறை, 8ஆம் தலைமுறையின் யூஎச்டி 620, 10ஆம் தலைமுறையில் பெரும்பாலானவை ஆகியவை ஒத்துவரும் வகை.

11ஆம் தலைமுறையிலிருந்து வரும் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் ஓடவே ஓடாது. அந்தச் சில்லோடு ஆப்பிள் எந்த மேக்கையும் விற்கவில்லை. ஆகவே டிரைவரும் இல்லை. புது மடிக்கணினி என்றால் சுலபமாக ஓடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விலை குறைந்த செலரான், பென்டியம் பிராசசர்களும் ஆகாது.

ஏஎம்டி ரைசன் மடிக்கணினி என்றால் இரட்டை வேலை. ஆப்பிள் ஏஎம்டி பிராசசரைப் பயன்படுத்தியதே இல்லை. அதனால் இயங்குதளத்தின் கருவிலேயே திருத்தம் போட வேண்டும். உள்ளே இருக்கும் வேகா கிராஃபிக்ஸுக்கு ஆர்வலர்கள் எழுதிய ‘நூட்டட்ரெட்’ என்ற கெக்ஸ்ட் உண்டு. அது பரிசோதனை முயற்சி. அன்றாட வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

என்விடியா அட்டை தனியாக இருக்கும் கேமிங் மடிக்கணினிகளில், அதை அணைத்துவிட்டு இன்டெல் கிராஃபிக்ஸில்தான் ஓட்ட வேண்டும். சில மாடல்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியா அட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் வெளித்திரையோ புரொஜெக்டரோ வேலை செய்யாது. மண்டபத்தில் படம் போட்டுக் காட்டும் வேலை செய்கிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வைஃபை: இன்டெல் என்றால் வழியுண்டு

இன்டெல் வைஃபை அட்டையை ஆப்பிள் பயன்படுத்தியதில்லை. ஆனால் அதற்கு ‘ஐடிஎல்டபிள்யூஎம்’ என்ற ஆர்வலர் டிரைவர் இருக்கிறது. இணையம் கிடைக்கும். ஐபோனிலிருந்து கோப்பு அனுப்பும் ஏர்டிராப் கிடைக்காது. ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் ஏதெரோஸ் அட்டைகள் இருந்தால் அட்டையை மாற்ற வேண்டும், அல்லது மேக் டிரைவர் உள்ள யூஎஸ்பி வைஃபை வாங்க வேண்டும். முன்பு பலரும் சிபாரிசு செய்த பிராட்காம் அட்டைகளுக்கான ஆதரவை 2023இல் வந்த சோனோமா நீக்கிவிட்டது. எனவே பழைய குறிப்பைப் படித்துவிட்டுக் காசு கொடுத்து பிராட்காம் வாங்க வேண்டாம்.

அட்டை மாற்றும் முன் இன்னொன்றையும் பாருங்கள். சில மடிக்கணினிகளில் அது போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும். சில பழைய லெனோவோ, எச்பி கணினிகளில் நிறுவனம் அனுமதித்த அட்டையைத் தவிர வேறெதையும் பயாஸ் ஏற்காது.

சேமிப்பகம்

சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலும் தொல்லை தராது. என்விஎம்இ வகையில் சில மாடல்கள் பெயர் கெட்டவை: சாம்சங் பிஎம்981, மைக்ரான் 2200எஸ் போன்றவை. நிறுவனங்களே பொருத்தி அனுப்பும் வகை என்பதால், அலுவலகத்திலிருந்து வந்த பழைய மடிக்கணினிகளில் இவை இருக்க வாய்ப்புண்டு. நிறுவும்போதோ ஓடிக்கொண்டிருக்கும்போதோ திடீரென்று கணினி விழுந்துவிடும். இன்டெல் ஆப்டேன் சேர்ந்த சேமிப்பகமும் ஒத்துவராது. மலிவு விலை மடிக்கணினிகளில் போர்டோடு ஒட்டியிருக்கும் இஎம்எம்சி சேமிப்பகத்தை மேக் கண்டுகொள்ளாது.

தொடங்கும் முன் மூன்று காவல்கள்

ஒன்று, தனி எஸ்எஸ்டி பயன்படுத்துங்கள். விண்டோஸ் உள்ள எஸ்எஸ்டியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திச் சோதிப்பதே பாதுகாப்பு. நிறுவும் திரையில் தவறான டிஸ்க்கை அழித்துவிட்டால் குடும்பப் படங்கள் அத்தனையும் போய்விடும். கழற்ற முடியாத கணினி என்றால் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

இரண்டு, பிட்லாக்கர் சாவி. பல மடிக்கணினிகளில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். மேக் போடுவதற்காகப் பயாஸில் ‘செக்யூர் பூட்’டை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அதை முதலில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது.

மூன்று, சேமிப்பக முறை. பயாஸில் ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருந்தால் மேக்குக்கு டிஸ்க் தெரியாது. ‘ஏஎச்சிஐ’க்கு மாற்ற வேண்டும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் இருக்கும் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். அப்படி நடந்தால் பதற வேண்டாம். பழைய முறைக்கே திருப்பி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

இணைய அளவையும் கணக்கில் வையுங்கள். முழு நிறுவல் கோப்பு 12 ஜிபிக்கு மேல் வரும். கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் தோட்டப்புற வீடுகளில், பாதியில் அறுந்து மீண்டும் இறக்க வேண்டிய நிலை வரலாம். கோப்பு ஆப்பிளிடமிருந்தே நேரடியாக வர வேண்டும். யாரோ தயாரித்து வைத்த ஒட்டுமொத்தத் தொகுப்பை இறக்கினால், அதற்குள் என்ன நுழைக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறப்பீர்கள்.

எங்கே நின்றது என்று பாருங்கள்

கணினி எழும்போது ஆப்பிள் சின்னம் மட்டும் தெரிந்து நின்றால் காரணம் புரியாது. ஓப்பன்கோரின் துவக்கக் கட்டளையில் கழித்தல் குறியும் ‘வி’ எழுத்தும் சேர்த்தால், சின்னத்துக்குப் பதில் எழுத்து வரிகள் ஓடும். கடைசி வரியைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். நோயின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஓப்பன்கோர் பட்டியலே வராவிட்டால், செக்யூர் பூட் அணைக்கப்படவில்லை, அல்லது பயாஸ் பழைய ‘லெகசி’ முறையில் இருக்கிறது, அல்லது பென்டிரைவ் சரியாகத் தயாரிக்கப்படவில்லை.

‘எக்ஸிட்பிஎஸ்: ஸ்டார்ட்’ என்ற வரியோடு நின்றால், பெரும்பாலும் நினைவக ஒதுக்கீட்டுச் சிக்கல். ஓப்பன்கோர் அமைப்பில் ‘பூட்டர்’ பகுதியை உங்கள் பிராசசர் தலைமுறைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வேறு தலைமுறைக்கான அமைப்பை நகலெடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

‘ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்ற வரியோ தடைக்குறியோ வந்தால், மேக்குக்குப் பென்டிரைவோ டிஸ்க்கோ கண்ணில் படவில்லை என்று பொருள். முதலில் பென்டிரைவை வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். பிறகு ஏஎச்சிஐ முறையைச் சரிபாருங்கள்.

மின்சார மேலாண்மையைக் குறிப்பிட்டு விழுந்தால், ‘சிஎஃப்ஜி லாக்’ என்ற பூட்டு காரணமாக இருக்கலாம். பல மடிக்கணினிகளின் பயாஸில் அதை அணைக்கும் வசதி இராது. ஓப்பன்கோரிலேயே அதற்கான மாற்று அமைப்பு உண்டு.

வரிகள் எல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்தால், அது கிராஃபிக்ஸ் பிரச்சினை. இன்டெல் சில்லுக்குரிய அடையாள எண் தவறாக இருக்கலாம். சில மடிக்கணினிகளில் கிராஃபிக்ஸுக்கு 32 எம்பி நினைவகம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்கு ‘வாட்எவர்கிரீன்’ கெக்ஸ்டில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்.

நிறுவும் திரையில் டிஸ்க் தெரியாவிட்டால், ‘டிஸ்க் யுடிலிட்டி’யில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் மேலே சொன்ன சேமிப்பக வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

நிறுவல் கோப்பு கெட்டுவிட்டது என்று சொன்னால், மறுபடியும் 12 ஜிபி இறக்கும் முன் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் பயாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். தேதியைத் திருத்தினாலே பலருக்கு வழி திறந்துவிடும்.

ஓடிய பிறகு வரும் தொல்லைகள்

ஒலி வராவிட்டால், ‘ஆப்பிள்ஏஎல்சி’ கெக்ஸ்டில் உங்கள் ஒலிச் சில்லுக்குப் பல எண்கள் தரப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த டஹோ பதிப்பிலோ, இந்த வகைச் சில்லுகளுக்கான ஒலி டிரைவரையே ஆப்பிள் எடுத்துவிட்டது. ஆகவே புதிய பதிப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், சோனோமா அல்லது சிகோயாவில் நிற்பது நல்லது.

டச்பேட் அசையாவிட்டால், அது பிஎஸ்2 வகையா ஐ2சி வகையா என்று டிவைஸ் மேனேஜரில் பார்த்து, அதற்குரிய ‘வூடூ’ கெக்ஸ்டைச் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் யூஎஸ்பி மவுஸ் கைகொடுக்கும்.

திரை வெளிச்சம் கூடவோ குறையவோ மறுத்தால், ‘பிஎன்எல்எஃப்’ என்ற சிறு ஏசிபிஐ கோப்பு விடுபட்டிருக்கிறது. பேட்டரி அளவு தெரியாவிட்டால், ‘வெர்ச்சுவல்எஸ்எம்சி’யோடு வரும் பேட்டரி கெக்ஸ்டைச் சேர்க்க வேண்டும். மூடி வைத்துத் திறந்தால் எழாமல் போவது பலருக்குத் தீராத வியாதி. யூஎஸ்பி துளைகளை முறையாகப் பட்டியலிட்டால் சிலருக்குச் சரியாகும். அது தீரும் வரை மூடும் முன் அணைத்துவிடுவதே வழி. கைரேகைப் பதிவு வேலை செய்யாது. அதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

எல்லாம் ஓடினாலும், ஒவ்வொரு பெரிய புதுப்பிப்பும் ஏதாவது ஒன்றைக் கெடுக்கலாம். தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

உரிமமும் கடை மேக்கும்

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம், அதன் இயங்குதளத்தை ஆப்பிள் கணினியில் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்த்தாலும் இது ஒப்பந்த மீறல்தான். விற்பனை இன்னும் கடுமையானது. அமெரிக்காவின் புளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் மேக் போட்ட சாதாரண கணினிகளை விற்றது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009இல் தீர்ப்பு சைஸ்டாருக்கு எதிராக வந்தது. 2011இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

ஆகவே “மேக் போட்டுத் தருகிறோம்” என்று விற்கப்படும் சாதாரண மடிக்கணினிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆப்பிளிடமிருந்து உங்களுக்கு எந்த உதவியும் கிடைக்காது. அசல் மேக் என்று சொல்லி ஒத்துப்போகாத பொருளை யாராவது தலையில் கட்டியிருந்தால், ரசீதையும் விளம்பரப் படத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை.

உண்மையில் மேக் தேவையா?

ஃபைனல் கட் புரோ, லாஜிக் புரோ, கராஜ்பேண்ட், எக்ஸ்கோட் போன்ற சில மென்பொருள்களுக்குத்தான் மேக் கட்டாயம். வீடியோ எடிட்டிங்குக்கு விண்டோஸில் ஓடும் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு இருக்கிறது. பேஜஸ், கீநோட் கோப்புகளை ஐகிளவுட் தளத்தில் உலாவி வழியாகவே திறக்கலாம். தமிழ்த் தட்டச்சுக்காக மேக் தேடுகிறவர்களும் உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு மேக்கிலேயே சேர்ந்து வருகிறது என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அஞ்சல், தமிழ்99 விசைமுகங்கள் இன்று விண்டோஸிலும் உண்டு. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் சட்டப்படியும் சரி, பாகங்களோடும் எளிதாக ஒத்துப்போகும்.

காலமும் குறைவு. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு மேக் விற்கத் தொடங்கியது. இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோதான் என்று 2025இல் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு இன்டெல் மேக்குகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சில காலம் வரும். மென்பொருள் நிறுவனங்களும் இன்டெல்லுக்கான பதிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். இன்று உழைத்து ஓட வைக்கும் ஹேக்கின்டாஷுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான்.

வீட்டில் சும்மா கிடக்கும் 7 அல்லது 8ஆம் தலைமுறை மடிக்கணினியில், தனி எஸ்எஸ்டி போட்டு, கற்றுக்கொள்வதற்காகச் செய்து பார்த்தால் நல்ல பாடம் கிடைக்கும். கணினி எப்படி எழுகிறது, டிரைவர் என்றால் என்ன என்று ஒரு மாணவர் இதில் நிறையவே தெரிந்துகொள்வார். தொழிலுக்கு மேக் தேவைப்படுகிறவர், பாகம் மாற்றவும் யூஎஸ்பி வைஃபை வாங்கவும் செலவாகும் காசைச் சேர்த்து வைத்து, பயன்படுத்திய எம்1 மேக் மினி ஒன்றைத் தேடுவது மேல். வாங்கும் முன் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.